பத்துக்கு எட்டு

அடுத்தவர் கையைப் பிடித்து அமுக்குவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பிசியோதெரபி படித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு அது பெரிய வேலைதான். புதுச்சேரிக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியில் தசை அழற்சி நோய்க்கு ஒரு புது ஊசியைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடந்தது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, நான் மேலிருந்து அமுக்க வேண்டும். எவ்வளவு தாங்குகிறார் என்று பார்த்துப் பத்துக்கு ஒரு எண் போட வேண்டும். தோள், கழுத்து, இடுப்பு, தொடை என்று வரிசையாக. "யூஜின் ரிசர்ச்சுல இருக்கான்" என்று கப்ஸ் மாதா கோயிலில் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லி வைத்தாள். நானும் மறுக்கவில்லை.

உடம்பைக் காவல் காக்க வேண்டியது எதுவோ அதுவே தன் தசையைப் பகை என்று நினைத்துத் தின்னத் தொடங்குவதுதான் இந்த நோய். தோளும் தொடையும் முதலில் போகும். கண் இமை ஊதா நிறத்தில் வீங்கும். விரல் மூட்டுகள் தடித்துச் சிவந்து செதில் உரியும். முற்றினால் தொண்டை. அதையும் தாண்டினால் மூச்சு. பார்ப்பதற்கு அருவருப்பாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரையும் தொட்டு முடித்ததும் கையில் மருந்துத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொள்வேன். தொற்றாத நோய் என்று எனக்கே தெரியும், இருந்தும் தேய்ப்பேன். கொளஞ்சி மட்டும் அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொளஞ்சி பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நாற்பத்தாறு வயது. சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அரைக் காணி நிலம் உண்டு, அதில் வயிறு நிறையாது. இருபத்திரண்டு வயதிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, கோஸ் மூட்டை. மகள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். மனைவி சுமலதா ஊரில் களை எடுக்கவும் நடவுக்கும் போகிறவள். ஒவ்வொரு முறையும் அவரோடு வந்து, வராந்தாவில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே வரமாட்டாள்.

முதல் நாள் அவர் தோளுக்கு ஐந்து போட்டேன். முகத்தில் ஈயாடவில்லை. எத்தனைக்கு ஐந்து என்று கேட்டார். பத்துக்கு என்றேன். இந்தத் தோளில் ஏறி இறங்கின மூட்டைகளை அடுக்கினால் கோயில் உயரத்துக்கு நிற்கும் என்று முணுமுணுத்தார். பிறகு அவரே சமாதானமாகி, மூட்டை தூக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது கை பலம் என்று தோன்றுமாம். கிடையாது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மூட்டை பிடரியில் இறங்குகிற நொடியில் மூச்சை இழுத்துக் கட்டி, முட்டியை நிமிர்த்திப் பூட்டி, பாரத்தை எலும்பின் மேல் உட்காரவைத்துவிட வேண்டும். அப்புறம் கால் தானாக ஓடும். சதைக்கு அதில் வேலையே இல்லை என்றார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஊசியில் இருப்பது மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். ஆனால் ஒரு விதி உண்டு. ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு மாதம் எண் இறங்கினால், அவரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, ஏற்கெனவே குணம் தரும் என்று தெரிந்த மருந்தை உடனே கொடுத்துவிட வேண்டும். விலை கூடின மருந்து, செலவு கம்பெனியுடையது. கையெழுத்து வாங்கும் தாளில் பதினோராம் பக்கத்தில் இது இருக்கிறது. 'செயல்திறன் வீழ்ச்சியுறும் நேர்வில் பங்கேற்பாளருக்கு மீட்புச் சிகிச்சை வழங்கப்பெறும்.' இதை எழுதியவன் என் கையில் கிடைத்தால் மார்க்கெட்டுக்கு இழுத்துப் போய் அங்கே நின்று விளக்கச் சொல்வேன். கொளஞ்சி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் பெயருக்குக் கீழே அழகாக ஒரு கோடும் இழுத்தார்.

தொடையில் புளியங்கொட்டை அளவு சதை வெட்டி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். "நான் விழுப்புரம் தாண்டுனதில்ல சார், என் தொட பிளேன்ல போயிடுச்சு" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தார். நல்ல மனிதர்.

இரண்டாவது மாதம் ஒன்று நடந்தது. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு இரண்டு முறை எண் இறங்கியிருந்தது. ஆராய்ச்சியின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பூர்ணிமா, வராந்தாவிலேயே வைத்து, "சார், உங்கள ஸ்டடிலேர்ந்து எடுத்துட்டோம், இனிமே இங்க வரவேணாம்" என்று சொல்லிவிட்டாள். பெரியவரை அன்றைக்கே மாடி வார்டில் சேர்த்து நல்ல மருந்தை ஏற்றினார்கள். அது வராந்தாவில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்த்ததெல்லாம், ஒரு மனிதர் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி போனதைத்தான். கொளஞ்சி அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மாதம் அவர் தோள் எட்டுத் தாங்கியது.

நான் அமுக்கும்போது நோயாளியை உற்சாகப்படுத்த வேண்டும் என்பது விதி. "விடாதீங்க, விடாதீங்க, புடிங்க" என்று கத்துவேன். கொளஞ்சியின் கை அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. தோள்பட்டை காது வரைக்கும் ஏறியது. உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. இது பலம் இல்லை, எலும்பைப் பூட்டிக்கொள்கிற வேலை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூச்சை விடச் சொல்லி, உடம்பை நிமிர்த்தி, மறுபடி அமுக்க வேண்டும். அதைத்தான் படித்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ஹரிகிருஷ்ணன் அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார். எக்ஸலண்ட் என்று கொளஞ்சியின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கொளஞ்சி என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எட்டு என்று எழுதினேன்.

நான்காம் மாதம் எட்டு. ஐந்தாம் மாதம் எட்டு. நாற்காலியிலிருந்து எழும்போது தலையை முன்னால் வீசி ஒரு எக்கு எக்கி எழுவார், அதற்கும் எட்டு. விழுங்க முடிகிறதா என்று தாளில் ஒரு கேள்வி இருக்கிறது. நல்லா முழுங்கறேன் என்பார். கக்கூசில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேட்கவே இல்லை. தாளில் அது 'கழிப்பறை இருக்கையிலிருந்து எழுதல்' என்று இருந்தது. அவர் வீட்டில் ஏது இருக்கை? பொருந்தாது என்று கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஐந்தாம் மாதம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அம்மா சங்கரா மீன் வாங்கிவரச் சொன்னாள். முதல் நாள் பெய்த மழையில் மார்க்கெட் நாறிக் கிடந்தது. அழுகின தக்காளியும் கோஸ் இலையும் மீன் கழுவின தண்ணீரும் கலந்து கணுக்கால் வரைக்கும் சேறு. பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெங்காயக் கடைப் பக்கமாக வந்தபோது கொளஞ்சியைப் பார்த்தேன். அவர் மூட்டை தூக்கவில்லை. சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, அழுகின வெங்காயத்தைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் பெண்கள் செய்கிற வேலை அது. டீ வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப். கப்பை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், குனிந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குடித்தார். ஒரு வாய்தான் குடித்திருப்பார், டீ மூக்கு வழியாக வந்து சட்டையில் வழிந்தது. பக்கத்தில் இருந்தவன் சூ என்று தள்ளி உட்கார்ந்தான். கொளஞ்சி துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி வெங்காயத்தைப் பொறுக்கினார்.

நான் என்ன செய்தேன்? தேங்காய்க் கடைக்குப் பின்னால் ஒதுங்கி, அவர் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட்டேன். மீன் வாங்கவில்லை. நல்ல மீன் இல்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

ஆறாவது மாதம் அவரை உட்காரவைத்ததும், ஞாயிற்றுக்கிழமை உங்களை மார்க்கெட்டில் பார்த்தேன் என்றேன். அவர் முகம் செத்துப் போயிற்று. திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"எழுதிடாதீங்க சார்."

"எழுதினா இன்னாண்ணே ஆவும்?"

"எடுத்துடுவாங்க. அந்தப் பேங்க் பெரியவர எடுத்தாங்களே, பாத்தேன்ல. மார்க்கெட்ல தூக்குன மூட்டய நடுவழில எறக்கி வெச்சான்னா அவன் பேர அடிச்சிட்டு அடுத்த ஆளக் கூப்ட்டுடுவாங்க சார். ஒடம்பு சரியில்ல, கால்ல ஆணி குத்திடுச்சி, எதுவும் எடுபடாது. எறக்கி வெச்சா போச்சி. இருவத்தி நாலு வருசத்துல நான் ஒரு வாட்டி எறக்கி வெச்சதில்ல. இங்கயும் எறக்க மாட்டேன். ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணே, இங்க எறக்கி வெச்சாத்தான் மருந்து. ஐந்து சொல். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக. பூர்ணிமா உள்ளே வந்தாள். அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்கள், கோப்பெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும் என்றாள். பதினோரு பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள், இன்னொருவர் போனால் இந்த ஊரில் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்களாம். மூடினால் எனக்கு வேலை இல்லை. நான் கொளஞ்சியின் தோளை அமுக்கினேன். "விடாதீங்க" என்றேன். எட்டு என்று எழுதினேன்.

ஏழாவது மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முதல் நாள் மத்தியானம் அவளுக்கு விருந்து. மட்டன் பிரியாணி, வஞ்சிர மீன் வறுவல். சாப்பிட்டுக்கொண்டே திரையில் படம் பார்த்தார்கள். கொளஞ்சியின் வீங்கின இமை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. கொளஞ்சியின் உரிந்த விரல் மூட்டு, சுவர் அகலத்துக்கு. அழகான கேஸ், அருமையான ரெஸ்பான்ஸ் என்றார் ஹரிகிருஷ்ணன். அழகான என்ற சொல்லை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். எழுந்து போயிருக்கலாம். இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொளஞ்சி நாற்காலியில் உட்கார்ந்தபோது டாக்டரும் பூர்ணிமாவும் அந்தப் பெண்ணும் சுற்றி நின்றார்கள். அவர் இளைத்துப் போயிருந்தார். குரல் மூக்கால் வந்தது. ஆனாலும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கி மூச்சைக் கட்டினார். நான் அமுக்கப் போனேன். கதவு திறந்தது. ஏழு மாதத்தில் ஒரு முறையும் உள்ளே வராத சுமலதா வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

"ஒரு நிமிசம் சார். நான் ஒண்ணு கேக்கணும். இவருக்குத் தேவலாம்னு யாரு சொன்னது?"

கொளஞ்சி வெளியே போ என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"காலைல கக்கூசுக்குப் போனா பின்னாடியே நான் போவணும். ஒக்காந்தா ஏந்துக்க முடியாது. அக்குள்ல கையக் குடுத்து நான் தூக்கறேன். கழுவி வுடறதும் நான்தான். வயசுப் பொண்ணு இருக்கற வூடு, வெளிய சொன்னா மானம் போவுதுன்னு வாய மூடினு இருந்தேன். கஞ்சி ஊத்துனா மூக்கு வழியா வருது. நேத்து முழுக்க ரெண்டு மொடக்குத் தண்ணி. பாருங்க, காலைல எடுத்தாந்த கஞ்சி, அப்படியே இருக்குது. இதத்தான் நீங்க மாசாமாசம் தேவலாம் தேவலாம்னு எழுதறீங்களா?"

தூக்குச்சட்டியைத் திறந்து டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். புளித்த வாடை வந்தது.

ஹரிகிருஷ்ணன் பொறுமையாகத்தான் பேசினார். எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதன்படிதான் பார்க்கிறோம், நாற்காலியிலிருந்து நன்றாக எழுகிறாரே என்றார்.

"நாக்காலி எங்க வூட்ல இல்ல சார். தரையில ஒக்கார வெச்சிப் பாருங்க."

"அது இந்த ஃபார்ம்ல கிடையாதும்மா."

"பாரத்துல இல்லன்னா போவுது. கண்ணு இருக்குதுல்ல?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ ஒக்காரு. ஒக்காந்து ஏந்து காட்டு. ஏந்துட்டன்னா நான் பேசுனது பொய்யின்னு சொல்லிட்டு வெளிய போயிடறேன்."

கோபத்தில் அவர் உட்கார்ந்தார். நாற்காலியைப் பிடித்து வழுக்கி, கடைசியில் தொப்பென்று. மூச்சைக் கட்டினார். ஆனால் தரையில் உட்கார்ந்தவனுக்கு முட்டி மடங்கியல்லவா இருக்கும்? மடங்கின முட்டியைப் பூட்ட முடியாது. எக்கினார், பக்கவாட்டில் சரிந்தார். கையை ஊன்றி மறுபடி எக்கினார். கை மடங்கியது. மூன்றாவது முறை முக்கியபோது மூக்கிலிருந்து எச்சிலும் சளியும் கோழையாக வந்து தரையில் விழுந்தது. கம்பெனிப் பெண் தன் செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேட்டி விலகிக் கிடந்தது, அதை இழுத்துவிடவும் அவருக்குக் கை வரவில்லை. நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவரும் குனியவில்லை.

சுமலதாதான் சட்டியைக் கீழே வைத்தாள். வேட்டியைச் சரி செய்தாள். தன் முட்டியால் அவர் முட்டியை முட்டுக்கொடுத்து, அக்குளில் இரண்டு கையையும் நுழைத்து, ஒரே தம்மில் தூக்கி நிறுத்தினாள். பல நாள் செய்த வேலை என்று பார்த்ததும் தெரிந்தது.

அன்றைக்கே மாடி வார்டில் சேர்த்தார்கள். அந்த மட்டில் ஹரிகிருஷ்ணன் தாமதிக்கவில்லை. தொண்டை போனால் இரண்டு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்று உடனே மருந்தை ஏற்றச் சொன்னார். சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். அந்த எட்டெல்லாம் தப்பு, எனக்கு அப்போதே தெரியும், மாற்றி எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும்னா அப்பவே சொல்லியிருக்கணும் யூஜின். இப்ப சொன்னா உன் பேரும் போகும், சென்டரும் போகும். திடீர்னு முத்திடுச்சுன்னு போட்டுக்கலாம், அப்படி நடக்கறது உண்டுதானே. கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டுத்தான் வந்தேன். அவர் மேல் வந்த வெறுப்பைவிட, அவர் சொன்னதில் பாதி சரிதானே என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பத்து நாள் கழித்து மாடி வார்டுக்குப் போகச் சொல்லித் தாள் வந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று எண் போட வேண்டும். கொளஞ்சி மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். குழாய் வழியாகத்தான் பாலும் கஞ்சித் தண்ணீரும். இடையில் வந்த காய்ச்சல் இறங்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, தொண்டை மெல்லத் திரும்பும், தோள் முழுதாகத் திரும்பாது என்று நர்ஸ் சொன்னாள். சுமலதா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நின்றபடியே ஒப்பித்தேன். பலம் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் இந்த மருந்து மூன்று மாதத்துக்கு முன்னாலேயே கிடைத்திருக்கும். அந்தப் பேங்க் பெரியவரை எடுத்தது இதைக் கொடுக்கத்தான். இறக்கி வைத்தவர்களுக்குத்தான் இங்கே மருந்து. அது எனக்குத் தெரியும்.

கொளஞ்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கை ஏறவில்லை. சுமலதா எழுந்து துடைத்துவிட்டாள்.

"அமுக்கும்போதே ஒனக்குத் தெரிஞ்சிதா தம்பி, அவுருக்கு முடியலன்னு?"

அதுவரைக்கும் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"தெரிஞ்சிது."

அவள் என்னைத் திட்டவில்லை. மார்க்கெட்டில் அந்த ஆள் தள்ளி உட்கார்ந்தானே, அதே போல் ஓர் அடி தள்ளி நின்றாள். சேலையை இழுத்து என் மேல் படாமல் பிடித்துக்கொண்டாள்.

"வந்த வேலய பாத்துட்டுப் போ."

தலைமாட்டைத் தூக்கிவைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். கொளஞ்சி மூச்சைக் கட்டவில்லை. தோளைக் காதுக்கு ஏற்றவில்லை. நான்கு விரல் உயரத்துக்குக் கை எழுந்தது, அங்கேயே நின்று ஆடியது. ஒரு விரலை வைத்தேன். இறங்கிவிட்டது. மூன்று என்று எழுதினேன்.

சுமலதா அந்தத் தாளைப் பார்த்தாள்.

"ஏன், எட்டு போடலியா?" என்றாள்.